ஏற்காட்டை இறங்கி நடந்து பார்ப்போம்

(நம் சங்கத்தின் மூத்தோர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் ஆண்டுச் சுற்றுலாவுக்கு இந்த முறை ஏற்காடு போகலாம் என்று பலரும் சொல்லியிருக்கிறீர்கள். ஊரைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. போகும் விதத்தைப் பற்றித்தான் ஒரு வேண்டுகோள். வேன் வைத்துக்கொண்டு ஒரே நாளில் எட்டு ‘பாயிண்ட்’ பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். இரண்டு இரவு தங்குவோம். மலையில் நம் காலால் நடப்போம். இதைச் சொல்லத்தான் செயலாளரிடம் இருபது நிமிடம் கேட்டு வாங்கினேன்.

“நடப்பதா, இந்த வயதிலா?” என்று சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பது தெரிகிறது. அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சே.

சென்ற ஆண்டு மலைச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்த பிறகு ஐந்து பேர் விலகிக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டால் ஐந்து பேருக்கும் ஒரே பதில்: “நான் வந்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவு.” வந்தவர்களிலும் இரண்டு அம்மாக்கள் பாதி இடங்களில் வேனை விட்டு இறங்கவில்லை. “நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கறேன்” என்று உட்கார்ந்துவிட்டார்கள். காரணம் சோம்பல் இல்லை. வேனின் படி உயரம். ஒரு நாளில் பதினைந்து தடவை ஏறி இறங்க வேண்டும். இறங்கியதும் “இருபது நிமிஷம்தான், சீக்கிரம்” என்று டிரைவர் குரல் கொடுப்பார். அந்த அவசரம் முழங்காலுக்கு ஆகாது. ஆகவே வேன் சுற்றுலாதான் நமக்குச் சுலபம், நடை கஷ்டம் என்ற எண்ணத்தை முதலில் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

வங்கியில் கணக்குப் பார்த்த பழக்கம் விடவில்லை. அன்று நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தேன். மலைமேல் இருந்தது 9 மணி நேரம். அதில் வண்டிக்குள் 4 மணி. வண்டி நிறுத்த இடம் தேடியது, தலை எண்ணியது, கழிப்பறை வாசலில் காத்திருந்தது எல்லாம் சேர்ந்து 2 மணி. சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி. மிச்சம் ஒன்றரை மணிதான் மலைக்கு. அதிலும் பாதி குரூப் போட்டோ.

இந்த ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், நம் வட்டத்தைச் சேர்ந்த ஆறு பேர் ஏற்காடு போய் நடந்து பார்த்துவிட்டு வந்தோம். வயது 61 முதல் 74 வரை. ஒருவருக்கு இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஒரு அம்மாவுக்கு இடது முழங்காலில் தேய்மானம். இருவரும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் கிளம்பினார்கள். மூன்று நாளில் சுமார் 15 கிலோமீட்டர் நடந்தோம். ஆறு பேரும் நல்லபடியாகத் திரும்பினோம். அந்த அம்மா இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார்.

முதலில் ஊரைப் பற்றி நாலு வார்த்தை. சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேர்வராயன் மலைமேல், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனதாகச் சொல்வார்கள். உயரம் ஏற ஏற, 1,000 மீட்டருக்கு 6 டிகிரிக்குக் குறையாமல் வெப்பம் இறங்கும். சேலம் சுமார் 280 மீட்டரில் இருக்கிறது. அப்படியானால் சேலத்தை விட ஏற்காடு 7, 8 டிகிரி குளிர்ச்சி. நடப்பதற்கு இதைவிடத் தோதான இடம் நமக்குப் பக்கத்தில் இல்லை. உயரத்தால் வரும் மூச்சுத்திணறல், தலைவலி எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். ஏற்காட்டில் அந்தப் பயம் வேண்டாம்.

போவதற்குச் சென்ட்ரலில் இரவு வண்டி இருக்கிறது. பெயரே ஏற்காடு எக்ஸ்பிரஸ். ஆனால் அது ஏற்காட்டுக்குப் போகாது! சேலத்தில் விடியுமுன் நம்மை இறக்கிவிட்டு ஈரோட்டுக்குப் போய்விடும். வெயிட்டிங் ரூமில் கொஞ்சம் உட்கார்ந்து, காபி குடித்து, வெளிச்சம் வந்ததும் பேருந்து பிடித்தோம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கிறார்கள். தலைசுற்றல் வருகிறவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து, சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும். வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி சரி.

முதல் நாள் காலையில் நாங்கள் எங்கேயும் போகவில்லை. குளித்துச் சாப்பிட்டுத் தூங்கினோம். சாயங்காலம் 4 மணிக்கு ஏரிக்கரையிலிருந்து லேடீஸ் சீட் வரை நடந்தோம். இரண்டு கிலோமீட்டருக்குப் பக்கம். அங்கே பாறை ஓரத்தில் நின்றால் சேலம் சமவெளி முழுவதும் காலடியில் தெரியும். இருட்டியதும் நகரத்தில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கும். வேனில் வந்தவர்கள் ஆறு மணிக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார்கள். திரும்பும்போது ஆட்டோ பிடித்தோம். இருட்டில் நடப்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தோம். அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் காலை பகோடா பாயிண்ட். போக ஐந்து கிலோமீட்டர் நடை, வரும்போது வண்டி. வழியெல்லாம் காபித் தோட்டம். நாம் தினமும் இரண்டு வேளை குடிக்கிறோமே, அந்தச் செடியை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? காபிக்கு நிழல் வேண்டும். அதனால் உயரமான சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் வளர்க்கிறார்கள். அந்த மரத்தையும் சும்மா விடுவதில்லை. அதன்மேல் மிளகுக் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். ஒரே நிலத்தில் இரண்டு வருமானம்! பூ கோடை மழைக்குப் பிறகு மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூக்கும். அது பழுக்க எட்டு, ஒன்பது மாதம் ஆகும். நாங்கள் போனபோது பழம் சிவந்து, பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஏற்காட்டில் காபியைக் கொண்டு வந்தவர் என்று 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் பெயரைச் சொல்கிறார்கள்.

ஒரு திருப்பத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த வயதான அம்மா எங்களைப் பார்த்து, “எந்த ஊரு சாமி? வண்டி கெட்டுப்போச்சா?” என்று கேட்டார். பட்டணத்துக்காரர் ரோட்டில் நடந்து வந்தால் வண்டி கெட்டுப்போயிருக்க வேண்டும், வேறு காரணம் இருக்க முடியாது என்பது அவர் கணக்கு. சும்மாதான் நடக்கிறோம் என்று சொன்னதும் சிரித்துவிட்டு, ஒரு கை நிறையப் பழம் கொடுத்தார். மேல்தோலை நசுக்கினால் உள்ளே இனிப்பாக ஒரு வழுவழுப்பு, அதற்குள் இரண்டு கொட்டை. அவருக்கு எழுபது வயதிருக்கும். தினமும் காலையில் தன் கிராமத்திலிருந்து ஏறி வந்து, மாலையில் இறங்கிப் போகிறவர். எங்களோடு வந்த ஸ்டென்ட் வைத்த நண்பர் அதற்குப் பிறகு தன் வயதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த மலைவாழ் மக்களை மலையாளிகள் என்று சொல்வார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்ததாக அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பல மலைகளில் இருக்கிறார்கள். வேன் கண்ணாடி வழியாக இந்த மனிதர்களைப் பார்க்கலாம், பேச முடியாது. காலால் போனால்தான் அவர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்.

மூன்றாம் நாள் சேர்வராயன் கோயில். 1,623 மீட்டர், அந்த மலையின் உச்சி. மேலே வெட்டவெளியாகப் பரந்த புல்தரை. கோயில் என்பது ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும் அங்கே இருக்கிறார்கள். மே மாதத்தில் மலை மக்கள் திருவிழா எடுப்பார்கள். இதில் ஒரு யுக்தி செய்தோம். ஏற்றத்துக்கு வண்டி வைத்துக்கொண்டோம், இறக்கத்தில் நடந்து வந்தோம். மெதுவான சரிவு, தார் சாலை, காலை நேரம். இடையில் மூன்று இடத்தில் உட்கார்ந்தோம்.

கிளியூர் நீர்வீழ்ச்சிக்கு நாங்கள் போகவில்லை. செங்குத்தாகப் படி இறங்கி, அதே படியில் ஏறி வர வேண்டும். ஏறுவது மூச்சை வாங்கும், ஆனால் முழங்காலைக் கெடுப்பது இறங்குவதுதான். உடம்பின் முழு எடையையும் ஒவ்வொரு படியிலும் முழங்கால் பிடித்து நிறுத்த வேண்டும். கால் நன்றாக இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். மற்றவர்கள் அந்த நேரத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்க்கலாம்.

இன்னொரு இடத்தை நம் ஊர்க்காரர்கள் தவறவிடக் கூடாது. ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயம் இருக்கிறது. அங்கே ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரின் நினைவிடம் இருக்கிறது. அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? 1863 மே 30-ஆம் தேதி, இதே நம் பல்லாவரத்தில்தான் அவர் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவிலும் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் அடையாளமாக அந்தக் கல் ஆயிற்று. அதே வருடம் அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 28. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 33 வருடம் வேலை செய்து 1891-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் சும்மா இருக்கவில்லை. பரோடா சமஸ்தானத்திலும் மைசூர் சமஸ்தானத்திலும் வேலை பார்த்தார். பிறகு ஏற்காட்டில் குடியேறி, தாம் சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் வகைப்படுத்திப் பட்டியல் எழுதினார். அந்தச் சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. 1912-இல், 78 வயதில் காலமானார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், ‘தினவர்த்தமானி’ பத்திரிகையைத் தொடங்கியவர். அவரும் 1882-இல் ஏற்காட்டில்தான் காலமானார்.

காலடியில் கிடப்பதை நின்று பார்த்துக் குனிந்து எடுத்தவர் கையில்தான் பல்லாவரத்துக் கல் கிடைத்தது. நாம் ஏற்காட்டில் கோடரி எதுவும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஒரு காபிப் பழமாவது கிடைக்கும்!

இனி நடைமுறை விஷயங்கள். குறித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு: மலை நடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் சொன்னது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு 600 மீட்டர் உயரம் ஏறுவதற்கு இன்னொரு மணி நேரம். அது திடகாத்திரமானவர்களுக்கு. நாம் அதை இரண்டு மடங்காக வைத்துக்கொள்வோம். பகோடா பாயிண்டுக்கு எங்களுக்கு இரண்டே கால் மணி ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

வேகம்: பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடியவில்லை என்றால் குறைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சில் பாரம் தெரிந்தால் உடனே உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். மறைக்கக் கூடாது. கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும். நாங்கள் அந்த அம்மாவை முன்னால் விட்டோம். அவர் யாரையும் பிடிக்க ஓட வேண்டியிருக்கவில்லை. ஐந்து பேர் பின்னால் வந்ததில் எங்களுக்கும் ஒரு குறையும் இல்லை.

பொருள்கள்: பழகிய ஷூ, புதிது வேண்டாம். கைத்தடி, வெட்கப்பட வேண்டாம். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது; மலையில் அதை மதிப்பது இன்னும் முக்கியம். மாத்திரை எப்போதும் சட்டைப்பையில், ரூமில் வைத்துவிட்டு வரக் கூடாது. குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போக வேண்டாம்.

இருட்டில் ஏன் நடக்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். ஏற்காட்டுத் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் இருக்கிறது. விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அவை வெளியே வரும் நேரம். தூரத்தில் கண்டால் நின்று, சத்தம் போடாமல் பின்வாங்க வேண்டும். கன்றோடு இருந்தால் இன்னும் எச்சரிக்கை. செல்போனில் படம் எடுக்க ஒரு அடிகூட முன்னால் வைக்கக் கூடாது.

மிக முக்கியமானது இது. நம் நடை பொதுச் சாலையிலும் கிராமச் சாலையிலும் மட்டும். தோட்டத்துக்குள் கேட் போட்டிருந்தால் கேட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்கவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். 23 உயிர்கள் போயின. அதில் பெரும்பாலோர் இளைஞர்கள், வேகமாக ஓடக்கூடியவர்கள். அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களை அடையாளம் கண்டு, ‘டிரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் ஆன்லைன் முன்பதிவோடு திறந்திருக்கிறது. வழிகாட்டி கூட வருவார். காட்டுக்குள் நடக்க ஆசைப்படுகிறவர்கள் அந்த வழியில் மட்டும் போங்கள்.

எப்போது போவது? மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நேரத்தில் வேண்டாம். சனி, ஞாயிறும் வேண்டாம். திங்கள் முதல் வியாழன் வரை ஊர் அமைதியாக இருக்கும். வாரநாளில் ஊருக்குப் போக முடிவதுதான் பென்ஷன்காரர்களுக்கு இருக்கும் பெரிய சலுகை, அதை ஏன் விட வேண்டும்? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிக் கூட்டம் தாங்காமல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கேட்கிறார்கள். மலைக்கு மனிதர் வருவதில் சிரமம் குறைவு, வண்டிகள் வருவதில்தான் சிரமம் அதிகம். நாற்பது பேர் ரயிலிலும் பேருந்திலும் போய் நடந்துவிட்டு வந்தால், அந்த ஊருக்கு நம்மால் முடிந்த உபகாரம்.

என் யோசனையைச் சுருக்கமாக வைக்கிறேன். மூன்று குழு. முதல் குழு தினம் 5 கிலோமீட்டர் நடக்கும். இரண்டாவது குழு 2 கிலோமீட்டர். மூன்றாவது குழு ஏரிக்கரையைச் சுற்றி, பெஞ்சு இருக்கும் இடங்களில் மட்டும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வண்டி கூப்பிடும் தூரத்தில் இருக்கும். மூன்று வேளையும் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். யாரும் வண்டியில் உட்கார்ந்து பை காக்க வேண்டாம். பைகளை ரூமில் பூட்டிவிடலாம். தங்கும் செலவு ஒரு இரவு கூடும். ஆனால் சென்னையிலிருந்து வேன் வாடகை இல்லை. ரயிலையும் பேருந்தையும் கணக்கில் சேர்த்துப் போட்டுப் பார்த்துப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் அடுத்த கூட்டத்தில் சொல்வார்.

இன்னும் நேரம் இருக்கிறது. தயார் செய்துகொள்ள வேண்டும். நாளை முதல் காலை 6 மணிக்கு நம் பூங்காவில் நடை. முதல் வாரம் 15 நிமிடம். வாரா வாரம் 5 நிமிடம் கூட்டுவோம். முழங்கால், இதயம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள், இந்தச் செய்தி மடலை அவர்களும் படிப்பார்கள். “உனக்கு எதுக்கும்மா இந்த வேலை” என்று அன்பாகத்தான் சொல்கிறீர்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் உங்கள் அம்மா வேனை விட்டு இறங்காமல் இருக்கிறார். அதற்குப் பதிலாக ஒரு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள்.

சென்ற ஆண்டு பெயர் கொடுத்து விலகிய ஐந்து பேரும் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. பதிவேட்டில் முதல் ஐந்து வரியை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். ஆறாவது வரியிலிருந்து மற்றவர்கள் எழுதலாம். பதிவேடு வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.